முப்பது நாள் கெடு

குறைமாதக் குழந்தைகளின் பார்வையைக் காக்க டெலிமெடிசின் உதவுகிறது. ஆனால் தொட்டிலருகே பயிற்சி பெற்ற ஒரு கை இருந்தால் மட்டுமே.

பிறந்த முப்பது நாட்களுக்குள் ஒரு கண் பரிசோதனை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை வாழ்நாள் முழுவதும் உலகத்தைப் பார்க்குமா என்பதைப் பல நேரங்களில் அந்தப் பரிசோதனைதான் தீர்மானிக்கிறது. அதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள். தொல்லை என்னவென்றால், அந்தச் சில நிமிடங்களுக்குத் தேவையான நிபுணர் பெங்களூரிலோ டெல்லியிலோ ஹைதராபாதிலோ இருக்கிறார். குழந்தை எங்கோ ஒரு மாவட்டத் தலைநகரில், கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கிறது. நிபுணர் அங்கே போக முடியாது. குழந்தையை இங்கே கொண்டுவருவதும் லேசுப்பட்ட காரியமல்ல. இந்தத் தூரத்தைக் கம்பி வழியாகக் கடக்க முடியுமா என்ற கேள்விக்குக் கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கர்நாடகம் பதில் சொல்லிவருகிறது.

இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறக்கின்றன. 2020-ம் ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் போட்ட கணக்கு இது. வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. முன்பெல்லாம் இவற்றில் மிகச் சிறியவை பிழைப்பதே அபூர்வம். பிழைக்காத குழந்தையின் கண்ணைப் பற்றி யார் கவலைப்படப்போகிறார்கள்?

பிறகு நிலைமை மாறியது. 2003-ல் மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்ட மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. அந்த மாதிரியைப் பின்பற்றி இன்று நாடெங்கும் 900-க்கும் மேற்பட்ட பிரிவுகள் இயங்குகின்றன. 2000-ல் பிறந்த ஒவ்வொரு ஆயிரம் குழந்தைகளில் 40-க்கும் மேற்பட்டவை முதல் மாதத்திலேயே இறந்தன. 2020-ல் இந்த எண்ணிக்கை 20. சந்தேகமில்லாமல் சாதனைதான். ஆனால் உயிர் பிழைத்த குழந்தைகளோடு கூடவே ஒரு நோயும் வார்டுக்குள் நுழைந்தது. அதன் பெயர் ரெட்டினோபதி ஆஃப் பிரிமெச்சூரிட்டி. டாக்டர்கள் சுருக்கமாக ஆர்.ஓ.பி. என்கிறார்கள்.

தாயின் வயிற்றில் சுமார் 16-வது வாரத்தில் குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வளரத் தொடங்குகின்றன. விளிம்பை எட்ட ஏறக்குறைய 40 வாரம் பிடிக்கும். 30 வாரத்தில் குழந்தை பிறந்துவிட்டால் இந்த வேலை பாதியில் நிற்கிறது. உயிரைக் காப்பாற்றக் கொடுக்கும் ஆக்சிஜன் அளவுக்கு மிஞ்சினால் வளர்ச்சி மேலும் தடைப்படுகிறது. பிறகு, ரத்தம் எட்டாத விழித்திரையின் ஓரம் பட்டினி கிடந்து, புதுக் குழாய்கள் வேண்டும் என்று ரசாயனச் சமிக்ஞை அனுப்புகிறது. குழாய்கள் வளரத்தான் செய்கின்றன. ஆனால் முறைதவறி, கன்னாபின்னாவென்று. அவற்றோடு உண்டாகும் தழும்புத் திசு சுருங்கும்போது விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடுகிறது. அதன்பின் அறுவைச் சிகிச்சை செய்தாலும் பயனுள்ள பார்வை கிடைப்பது அரிது.

நோய் புதிதல்ல. 1942-ல் பாஸ்டன் டாக்டர் டெர்ரி இதை முதன்முதலில் விவரித்தார். இன்குபேட்டர்கள் பெருகிய மேலை நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தன. 1950-ல் குறைமாதத்தில் பிறந்து பார்வையை இழந்தவர்களில் ஒருவர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பாடகர் ஸ்டீவி வொண்டர். தாராளமாகக் கொடுக்கப்படும் ஆக்சிஜன்தான் காரணம் என்று 1951-ல் சுட்டிக்காட்டியவர் ஆஸ்திரேலிய டாக்டர் கேட் காம்ப்பெல். பணக்கார நாடுகள் பாடம் படித்தன. இப்போது இந்தியா போன்ற நாடுகளின் முறை.

இங்கே பாடம் இன்னும் கடினம். அமெரிக்காவில் 30 வாரத்துக்குள் அல்லது 1,500 கிராமுக்குள் பிறந்த குழந்தைகளுக்கே பரிசோதனை கட்டாயம் என்று வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் அதைவிட எடை கூடிய, வளர்ச்சி கூடிய குழந்தைகளுக்கும் இந்த நோய் வருகிறது. அதனால் இங்குள்ள விதி 34 வாரத்துக்குள் அல்லது 2,000 கிராமுக்குள் பிறந்த எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்கிறது. 28 வாரத்துக்கு முன்பே பிறந்தவற்றையும் 1,200 கிராம்கூட இல்லாதவற்றையும் இரண்டு அல்லது மூன்று வாரத்துக்குள்ளேயே பார்த்தாக வேண்டும். சோதிக்கவேண்டிய கண்கள் அதிகம். சோதிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

இதில் கொடுமை, நோய் வெளியே தெரியாது என்பதுதான். கண் சிவக்காது. நீர் வடியாது. குழந்தை பால் குடிக்கும், எடை கூடும். பெற்றோருக்குச் சந்தேகம் வருவதற்கு மாதங்கள் ஆகிவிடும். முகம் பார்த்துச் சிரிக்கவில்லையே, கண்மணியில் ஏதோ வெள்ளையாகத் தெரிகிறதே என்று டாக்டரிடம் ஓடும்போது காலம் கடந்திருக்கும். ஆனால் உரிய நேரத்தில் கண்டுபிடித்துவிட்டால் சிகிச்சை இருக்கிறது. ரத்தம் எட்டாத ஓரப் பகுதியை லேசரால் சுட்டுவிட்டால் பெரும்பாலான குழந்தைகளுக்கு நடுப்பகுதி தப்பிக்கும். சில குழந்தைகளுக்குக் கண்ணுக்குள் ஊசி மூலம் மருந்து செலுத்துகிறார்கள். நோய் முற்றியது தெரிந்தபின் இரண்டு மூன்று நாட்களுக்குள் இதைச் செய்தாக வேண்டும். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் விஷயமல்ல.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு வழக்கு உண்டு. 1996-ல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை நடக்கவில்லை. இப்படி ஓர் ஆபத்து இருக்கிறது என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவும் இல்லை. குழந்தை பார்வையை இழந்தது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மருத்துவ அலட்சியம் என்று தீர்ப்பளித்து, சுமார் ரூ. 1.8 கோடி நஷ்ட ஈடு தரச் சொன்னது. தீர்ப்பு வருவதற்குள் குழந்தைக்கு 18 வயது. பெருநகரத்தில், நிபுணர்கள் ஆட்டோ தூரத்தில் இருக்கும் ஊரிலேயே இந்த நிலை என்றால் கோலாரிலும் பீதரிலும் என்ன ஆகும்?

பீதரிலிருந்து பெங்களூர் கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். பிரசவத் தையல் ஆறாத தாய், ஒன்றரைக் கிலோ குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு இரவு முழுவதும் பயணம் செய்ய வேண்டும். கூடவே கணவர், அல்லது மாமியார். இரண்டு மூன்று நாள் கூலி போகும். அதோடு முடிவதில்லை. விழித்திரையில் குழாய்கள் முழுவதும் வளர்ந்து முடியும்வரை ஓரிரு வாரங்களுக்கு ஒரு முறை திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். வெளியே பார்த்தால் குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது? பல குடும்பங்கள் முதல் பயணமே போவதில்லை. போகிறவர்கள் இரண்டாவது முறை யோசிக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் கர்நாடகத்தின் 'கிட்ராப்' வருகிறது. 2008-ல் பெங்களூர் நாராயண நேத்ராலயாவின் டாக்டர் ஆனந்த் விநேகர் தொடங்கிய திட்டம் இது. பின்னர் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் மூலம் மாநில அரசும் கைகோத்தது. யோசனை எளிமையானது. குழந்தை பயணம் போக வேண்டாம். அதன் விழித்திரையின் படம் போகட்டும்.

டாக்டர் அல்லாத, ஆனால் இதற்கென்றே கடுமையாகப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் கேமராவை வண்டியில் ஏற்றிக்கொண்டு, குறித்த கிழமையில் குறித்த மருத்துவமனைக்குப் போகிறார்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியவைக்கிறார்கள். இமைகளைச் சிறு கருவியால் விலக்கிவைத்து, கேமராவின் முனையை ஜெல் தடவிய கண்ணின் மேல் மெதுவாக வைக்கிறார்கள். விழித்திரை 130 டிகிரி அகலத்துக்குப் படமாகிறது. அந்தப் படங்கள் இன்டர்நெட் வழியாகப் பெங்களூர் போய்ச் சேர, நிபுணர் தன் கைபேசியிலேயே பார்த்து அறிக்கை தருகிறார். டெக்னீஷியனும் சும்மா இருப்பதில்லை. படத்தைப் பார்த்து அங்கேயே முதல் கணிப்பைச் செய்யவும் அவருக்குப் பயிற்சி உண்டு. சிவப்பு என்றால் உடனடி சிகிச்சை. ஆரஞ்சு என்றால் மறுபடி வர வேண்டும். பச்சை என்றால் கவலையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் இந்த மூன்று நிறங்கள் புரியும்.

சிவப்பு என்றால் லேசர் கருவியும் டாக்டரும் மாவட்ட மருத்துவமனைக்கே போகிறார்கள். திட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. படம் போன பாதையில் சிகிச்சை திரும்பி வருகிறது. தமிழ்நாட்டில் கோவை அரவிந்த் கண் மருத்துவமனையும் இதேபோல வண்டியில் கேமராவை ஏற்றிக்கொண்டு பச்சிளம் குழந்தை வார்டுகளைத் தேடிப் போகும் திட்டத்தை நடத்திவருகிறது.

டெலிமெடிசின் என்றதும் நினைவுக்கு வரும் காட்சி வேறு. திரையில் ஒரு டாக்டரின் முகம், எதிரே ஒரு நோயாளி. 2000 மார்ச்சில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் அரகொண்டா கிராமத்து அப்போலோ மையத்தை அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் தொடங்கிவைத்தபோது நாடு முதன்முதலாக அதைப் பெரிய அளவில் கவனித்தது. சில ஆண்டுகளில் இஸ்ரோவின் செயற்கைக்கோள்கள் சாமராஜநகர் போன்ற மாவட்ட மருத்துவமனைகளைப் பெருநகர நிபுணர்களோடு இணைத்தன. 2019-ல் தொடங்கிய மத்திய அரசின் இ-சஞ்சீவனி 2023 பிப்ரவரியில் பத்துக் கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. இவற்றில் பெரும்பகுதி, கிராம மையத்தில் ஒரு சுகாதார ஊழியர் நோயாளியின் அருகில் அமர்ந்து டாக்டரோடு இணைத்துவிட்ட ஆலோசனைகள்.

தேவை இருக்கிறது என்பதில் ஐயமில்லை. 2022 மார்ச் நிலவரப்படி ஊரக சமுதாய சுகாதார மையங்களுக்குத் தேவையான குழந்தை மருத்துவர்களில் சுமார் 80 சதவிகிதம் பேர் இல்லை. இந்தப் பள்ளத்தை நாளைக்கே நிரப்பிவிட முடியாது. ஒரு குழந்தை மருத்துவரை உருவாக்கப் பள்ளிக்கூடத்துக்குப் பின் குறைந்தது எட்டு ஆண்டுகள் ஆகும். அவரைக் கிராமத்தில் இருக்கவைப்பது இன்னும் கஷ்டம்.

ஆனாலும் குழந்தைகள் விஷயத்தில் திரை மட்டும் போதாது. பெரியவர் எங்கே வலிக்கிறது என்று சொல்வார். பச்சைக் குழந்தை அழும், அவ்வளவுதான். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறை அல்லது அதற்கு மேல் மூச்சுவிட்டால் ஆபத்து என்பது கணக்கு. சட்டையைக் கழற்றி, குழந்தை அமைதியாக இருக்கும்போது, முழு ஒரு நிமிடம் நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும். விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுகிறதா? வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே சமமாகிறதா? இதையெல்லாம் விட்டுவிட்டுத் தடுமாறும் வீடியோவில் பார்த்துச் சொல்வது, ஜாதகம் பார்க்காமல் பலன் சொல்வது போலத்தான். 2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட டெலிமெடிசின் விதிமுறைகளும், குழந்தைக்கு ஆலோசனை வழங்கும்போது அடையாளம் உறுதிசெய்யப்பட்ட ஒரு பெரியவர் உடனிருக்க வேண்டும் என்கின்றன. சட்டத்துக்கு அது போதும். மருத்துவத்துக்கு அந்தப் பெரியவர் எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவராக இருக்க வேண்டும்.

ஆர்.ஓ.பி.யில் இது கைகூடக் காரணம் இருக்கிறது. நோய் முழுக்கப் படத்தில் தெரிகிறது. எந்தக் குழந்தையை, எப்போது பார்க்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிகிறது. படம் எடுக்க ஆள் இருக்கிறார். சிகிச்சைக்கும் வழி இருக்கிறது. இதில் கடைசி ஒன்று இல்லாவிட்டால்கூட மற்றதெல்லாம் வீண். உன் குழந்தைக்குப் பார்வை போகப்போகிறது என்று 700 கிலோமீட்டர் தள்ளியிருந்து சொல்லிவிட்டு விடைபெறுவதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

கேரளத்தின் 'ஹ்ருத்யம்' திட்டமும் இதே பாடத்தைச் சொல்கிறது. ஆயிரம் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேர் இதயக் குறையோடு பிறக்கிறார்கள். 2017-ல் அந்த மாநில அரசு இவர்களுக்காகத் தொடங்கிய இணையப் பதிவேட்டில் குழந்தையின் விவரங்களும் பரிசோதனை முடிவுகளும் ஏற்றப்படுகின்றன. குழந்தைகள் இதய நிபுணர்கள் அவற்றைப் பார்த்து, யாருக்கு அவசரம், யார் காத்திருக்கலாம் என்று தரம் பிரிக்கிறார்கள். அதற்கேற்ப மருத்துவமனை ஒதுக்கப்பட்டு இலவசமாக அறுவைச் சிகிச்சை நடக்கிறது. பதிவின் மறுமுனையில் ஒரு அறுவைச் சிகிச்சை மேஜை காத்திருப்பதால்தான் அந்தப் பதிவுக்கு மதிப்பு.

ஆக, கிட்ராப் போன்ற திட்டங்களை நாடு முழுவதும் பரப்பிவிட்டால் தீர்ந்ததா? அவ்வளவு சுலபமில்லை. முதல் தடை, விலை. இறக்குமதியாகும் கேமராவுக்குப் பல லட்ச ரூபாய் கொடுக்க வேண்டும். பெங்களூர் நிறுவனமான ஃபோரஸ் ஹெல்த் உருவாக்கிய '3நேத்ரா நியோ' போன்ற உள்நாட்டுக் கேமராக்கள் வந்தபின் சுமை குறைந்திருக்கிறது. இரண்டாவது, ஆள். கருவி வாங்க ஒரு முறை நிதி ஒதுக்கினால் போதும். ரிப்பன் வெட்டவும் ஆள் வருவார்கள். டெக்னீஷியனின் சம்பளமும் வண்டியின் டீசலும் மாதாமாதம் வேண்டும். அந்தத் தலைப்பில் நிதி கேட்டால்தான் கோப்பு நகர மறுக்கிறது.

மூன்றாவது தடைக்குப் பணம் காரணமல்ல. குழந்தை தேறியதும் இரண்டு மூன்று வாரத்தில் வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். முப்பது நாள் கெடு வீட்டில் இருக்கும்போது வருகிறது. கேமரா வரும் கிழமையில் குழந்தை வார்டில் இல்லை. மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. 2013-ல் தொடங்கும்போதே கவனிக்க வேண்டிய 30 குறைபாடுகளின் பட்டியலில் ஆர்.ஓ.பி.யைச் சேர்த்தது. 2017-ல் தனி வழிகாட்டு விதிகளும் வந்தன. காகிதத்தில் குறை இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைத் தேதியை எழுதும் பேனாவில்தான் எல்லாம் இருக்கிறது.

இதற்குச் செலவில்லாத வழியும் உண்டு. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை ஆஷா ஊழியர் 3, 7, 14, 21, 28, 42-வது நாட்களில் வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது நடைமுறையில் உள்ள திட்டம். அவர் கையேட்டில் 21-வது நாளுக்கு நேரே ஒரே ஒரு கேள்வி சேர்ந்தால் போதும்: குறைமாதக் குழந்தையா, கண்ணைக் காட்டியாயிற்றா? காட்டவில்லை என்றால் இன்னும் ஒன்பது நாள் கையில் இருக்கிறது. 28-வது நாளில் மறுபடி கேட்கலாம்.

நோயைத் தடுக்கும் வேலையையும் கம்பி செய்துவிடாது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 முதல் 95 சதவிகிதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் ஆபத்து குறைகிறது. அதற்குக் காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து கொடுக்கும் கருவியும், ஒவ்வொரு குழந்தையின் மானிட்டரையும் கவனிக்கப் போதுமான நர்ஸ்களும் வேண்டும். ஒரு நர்ஸ் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளைப் பார்க்கும் வார்டில் இதை எதிர்பார்ப்பது பேராசை.

அரசுகளுக்கு எண்ணிக்கை பிடிக்கும். இத்தனை கோடி ஆலோசனைகள், இத்தனை ஆயிரம் மையங்கள் என்று அறிக்கை விடலாம். குழந்தைகளைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கணக்கு வேறு. ஒரு மாவட்டத்தில் 34 வாரத்துக்குள் பிறந்து பிழைத்த குழந்தைகள் எத்தனை? அவர்களில் முப்பது நாளுக்குள் கண் பரிசோதனை முடிந்தவர்கள் எத்தனை? சிவப்பு என்று தெரிந்தவர்களில் மூன்று நாளுக்குள் சிகிச்சை பெற்றவர்கள் எத்தனை? ஒவ்வொரு மாவட்டமும் இந்த மூன்று எண்களை ஆண்டுதோறும் வெளியிட்டால், திட்டம் எங்கே ஒழுகுகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

அதுவரை பெற்றோர்தான் விழிப்பாக இருக்க வேண்டும். உறவிலோ அக்கம்பக்கத்திலோ குறைமாதக் குழந்தை பிறந்தால் எடை எவ்வளவு, யார் ஜாடை என்று விசாரிப்பது வழக்கம். அதோடு இன்னொன்றையும் விசாரிக்கலாம். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது: "கண் பரிசோதனை எந்தத் தேதியில்?" பதில் சீட்டில் எழுதப்படும்வரை வார்டை விட்டு நகரத் தேவையில்லை.